நம் வீட்டிலிருந்து போகும் பசுமை இல்ல வாயு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கணக்குகள் தமிழ்நாட்டில் நாலு பேர் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்துப் போட்டவை. உங்கள் வீட்டில் எண்கள் கொஞ்சம் கூடலாம், குறையலாம். எதில் அதிகம், எதில் சொற்பம் என்ற வரிசை மட்டும் அவ்வளவாக மாறாது. பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் வரிசை வேறாக இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் புகையே வருவதில்லை. பிறகு எப்படி வாயு வெளியேறும்?

பூமியிலிருந்து திரும்பிப் போகும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வாயுக்களைத்தான் பசுமை இல்ல வாயுக்கள் என்கிறோம். இவை கண்ணுக்குத் தெரியாது. வீட்டோடு தொடர்புள்ளவை நான்கு: கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, அப்புறம் ஏ.சி.யிலும் ஃப்ரிட்ஜிலும் ஓடும் குளிரூட்டி வாயுக்கள்.

சிலிண்டரையும் பெட்ரோலையும் நாமே எரிக்கிறோம். மின்சாரத்துக்காக வேறு யாரோ, வேறு எங்கோ எரிக்கிறார்கள். நாம் ஸ்விட்சைப் போடும்போது மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ வட சென்னையிலோ நிலக்கரி எரிகிறது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. வாசலில் குப்பை வண்டியில் போட்ட காய்கறித் தோல் ஊருக்கு வெளியே கிடந்து மீத்தேனாக மாறுகிறது. வீட்டுக்குள் புகை இல்லாததற்குக் காரணம், அது வேறு ஊரில் கிளம்புகிறது என்பதே.

எல்லா வாயுவும் ஒரே பலம் கொண்டவை அல்ல. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கு. சில குளிரூட்டி வாயுக்கள் ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு. எல்லாவற்றையும் கரியமில வாயுவுக்கு ஈடாக மாற்றிச் சொல்வது வழக்கம். கீழே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கை நானே போட முடியுமா?

தாராளமாக. நாலு எண்கள் தெரிந்தால் போதும்.

மின்சாரம்: ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு.
சமையல் கேஸ்: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ.
பெட்ரோல்: ஒரு லிட்டருக்கு சுமார் 2.3 கிலோ.
டீசல்: ஒரு லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும்போது 300 யூனிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,800 யூனிட், அதாவது சுமார் 1,260 கிலோ. எட்டு சிலிண்டர் என்றால் 340 கிலோ. ஒரு ஸ்கூட்டர் வருடத்துக்கு 160 லிட்டர் குடித்தால் 370 கிலோ. இந்த மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 2 டன். இதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது மின்சாரம். உங்கள் பில்லில் முதல் 100 யூனிட் இலவசமாகக் கழிந்திருக்கும். இந்தக் கணக்கில் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வளவு காற்றாலைகள் இருக்கின்றன. பிறகு ஏன் யூனிட்டுக்கு 0.7 கிலோ?

முப்பந்தல் பக்கம் போனவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் இந்தியா முழுவதும் மின்சாரம் ஒரே வலைப்பின்னலில்தான் ஓடுகிறது, இதைத்தான் கிரிட் என்பார்கள். இங்கே உற்பத்தியாவது வெளியே போகும், வெளியே உற்பத்தியாவது இங்கே வரும். 0.7 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிதாக இருப்பதால் இந்த எண்ணும் பெரிதாக இருக்கிறது. நம் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாகச் சுற்றும். சூரிய மின்சாரம் பகலில் மட்டும். இரவு பத்து மணிக்கு ஊர் முழுவதும் ஏ.சி. போடும்போது பெரும் பாரத்தைத் தாங்குவது அனல்மின் நிலையங்கள்தான்.

மின்சாரத்தில் எந்தச் சாதனம் அதிகம் இழுக்கிறது?

வெப்பத்தை உண்டாக்குவதும் வெப்பத்தை வெளியே தள்ளுவதும்தான் பெரிய செலவு. ஒளி, ஒலி எல்லாம் சிறியவை. டியூப்லைட்டை எல்.இ.டி.யாக மாற்றியது நல்லதுதான், ஆனால் அத்தோடு நம் கடமை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடாக்க 0.35 யூனிட் ஆகும். நாலு பேர், தினமும் ஆளுக்கு ஒரு வாளி என்றால் வருடத்துக்கு 500 யூனிட், 350 கிலோ கரியமில வாயு. மேலே சொன்ன எட்டு சிலிண்டரை விட இது சற்று அதிகம். ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சமைப்பதை விட வெந்நீரில் குளிப்பது கூடுதல் வாயுவை வெளியிடுகிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. அதிலும் ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் ஒரு வாளிக்கணக்கெல்லாம் பொருந்தாது. மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. குழந்தைகள், வயதானவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள் தவிர மற்றவர்கள் கீசரை அணைத்து வைக்கலாம்.

ஃபேன் சின்னப் பொருள், ஆனால் நம் ஊரில் நிற்காமல் ஓடும். பழைய மாடல் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு வருடத்தில் சுமார் 195 யூனிட் மிச்சம். கிட்டத்தட்ட 140 கிலோ வாயு குறையும். பட்ஜெட்டில் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் இடம் என்றால், அதிக நேரம் ஓடும் ஃபேனை மாற்றச் சொல்வேன்.

ஏ.சி.யை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

24 அல்லது அதற்கு மேல். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். 18-ல் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்வதில் எந்தச் சுகமும் இல்லை.

மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் எட்டு மணி நேர இரவுக்கு 5.6 கிலோ. கோடையில் 100 இரவுகள் போட்டால் 560 கிலோ. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் பகல் முழுக்கத் தளம் வாங்கிய வெயிலை இரவு முழுக்க ஏ.சி. வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டோ அடிப்பது ஏ.சி. இல்லாத வீட்டுக்கும் உதவும். மேற்குச் சுவர் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படும். உள்ளே போடும் திரைக்கு அந்தப் பலன் கிடையாது.

வருடா வருடம் ஏ.சி.க்கு கேஸ் போடுகிறோம். அதனால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் கணக்கில் யாரும் சேர்க்காத பெரிய எண் இங்கேதான் இருக்கிறது.

ஏ.சி.க்குள் இருக்கும் வாயு தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. கேஸ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னால் எங்கோ கசிந்து காற்றில் கலந்துவிட்டது என்று பொருள்.

ஏ.சி.யின் வெளி யூனிட்டில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். என்ன வாயு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். ஆர்-22 என்றால் ஒரு கிலோ சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஓசோன் படலத்துக்கும் கேடு. ஆர்-410ஏ என்றால் சுமார் 2,000 மடங்கு. இப்போது பரவலாக வரும் ஆர்-32 சுமார் 675 மடங்கு. ஒன்றரை டன் ஏ.சி.யில் ஏறக்குறைய ஒரு கிலோ வாயு இருக்கும். ஆர்-410ஏ உள்ள ஒரு ஏ.சி.யின் வாயு முழுவதும் வெளியேறினால் 2 டன் கரியமில வாயுவுக்கு ஈடு ஆயிற்று. முன்பு பார்த்தோமே, மின்சாரம், சிலிண்டர், ஸ்கூட்டர் மூன்றும் சேர்ந்த ஒரு வருடக் கணக்கு, அதற்குச் சமம். ஆர்-32 ஆக இருந்தாலும் கிட்டத்தட்ட 290 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு.

ஆகவே மெக்கானிக் வந்தால் கேட்க வேண்டியது: அண்ணே, எங்கே லீக் ஆகுதுன்னு பாத்துட்டு அடைச்சுட்டு கேஸ் போடுங்க. நைட்ரஜன் ஏற்றிக் கசிவைச் சோதித்து, ஓட்டையை அடைத்து, பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுத்து வேக்யூம் எடுத்த பிறகு அளந்து நிரப்புவதே சரியான முறை. நேரம் பிடிக்கும், காசும் கூடும். ஆனால் அடுத்த வருடம் மறுபடி கேஸ் போட வேண்டியிருக்காது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் உப்புக்காற்றில் ஏ.சி.யின் வாயு ஓடும் குழாய்ச் சுருள் (காயில்) சீக்கிரம் அரித்துப்போகும். அங்கே கசிவுச் சோதனை இன்னும் முக்கியம்.

வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுவார்கள். அப்போது வாயுவை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைத்துவிட முடியும். பம்ப் டவுன் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அவசரத்தில் குழாயைத் திறந்து புஸ்ஸென்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் நின்று, பம்ப் டவுன் பண்ணிக் கழற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. ஆனால் நமக்குக் குறைப்பு தொடங்கும் ஆண்டு 2032. அதுவரை நம் வீட்டுக் குழாயிலிருந்து கசிவதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

ஃப்ரிட்ஜிலும் இதே பிரச்சினை உண்டா?

சிறிய அளவில். புதிய ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேனில் ஓடுகின்றன. அதனால் வரும் வெப்பமேற்றல் மிகக் குறைவு. பழையவற்றில் ஆர்-134ஏ இருக்கும், அது 1,400 மடங்குக்கு மேல். பழைய ஃப்ரிட்ஜைக் காயலான் கடைக்குப் போட்டால் செம்புக் குழாயை வெட்டி எடுத்துவிடுவார்கள், வாயு அப்படியே போய்விடும். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ, எக்ஸ்சேஞ்ச் எடுத்து அவர்களிடம் ஒப்படைக்கும் கடையிலோ கொடுங்கள்.

கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷன் அடுப்பா? எது நல்லது?

இன்றைய நிலவரத்தில், கிரிட் மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்பு கேஸ் அடுப்பை விட அதிக வாயுவுக்குக் காரணமாகிறது. கேஸ் அடுப்பில் பாதி வெப்பம் வீணாகிறது என்பதைக் கணக்கில் எடுத்தாலும், நிலக்கரி மின்சாரத்தில் அதே சாம்பாரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயு போகும். இண்டக்‌ஷன்தான் பசுமையானது என்று வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சொல்கிறவர்கள் நம் ஊர் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

மாடியில் சோலார் இருந்து பகலில் சமைக்கிறீர்கள் என்றால் கதை தலைகீழ். அப்போது இண்டக்‌ஷன்தான் சரி. கிரிட்டில் நிலக்கரியின் பங்கு குறையக் குறைய மற்றவர்களுக்கும் அப்படியே ஆகும்.

எந்த அடுப்பானாலும் சில பழக்கங்கள் உதவும். பருப்பையும் சுண்டலையும் ஊறப்போட்டு வேகவைப்பது, குக்கரில் இரண்டு அடுக்காக அரிசியும் பருப்பும் சேர்த்து வைப்பது, கொதி வந்ததும் தீயைச் சிம்மில் வைப்பது, மூடி போடுவது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலிண்டர் நாளாக வர வேண்டும் என்பதற்காகச் செய்ததுதான் எல்லாம்.

விறகு அடுப்பு இயற்கையானது இல்லையா?

மரம் மறுபடி வளர்ந்தால் அந்தக் கரியமில வாயு திரும்ப உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் விறகு முழுதாக எரிவதில்லை. மீத்தேனும் கரித்துகளும் வெளிவருகின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையும். விறகிலிருந்து கேஸுக்கு மாறும் குடும்பத்திடம் போய்ப் பெட்ரோலியப் பொருளை எரிக்கிறாயே என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

காய்கறிக் கழிவு மண்ணோடு மக்கிப் போவதுதானே? அதில் என்ன தவறு?

மக்குகிற இடத்தைப் பொறுத்தது. காற்றுப் படும்படி மக்கினால் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அதைத் தாவரம் காற்றிலிருந்துதான் எடுத்தது, எனவே புதிதாக ஏதும் கூடவில்லை. கொடுங்கையூர், பெருங்குடி மாதிரியான கிடங்குகளில் பல அடி ஆழத்துக்குக் குப்பை அமுங்கிக் கிடக்கும்போது உள்ளே காற்றே போகாது. காற்று இல்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட கிடங்குகளில் தீ அணையாமல் பரவ உள்ளே ஊறியிருக்கும் மீத்தேனும் ஒரு காரணம்.

தோராயமாக ஒரு கிலோ ஈரக்குப்பை ஆழமான கிடங்குக்குப் போனால் ஒரு கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான மீத்தேன் வரும். நாலு பேர் வீட்டில் தினம் ஒரு கிலோ என்றால் வருடத்துக்கு 365 கிலோ. ஸ்கூட்டர் கணக்கும் இதுவும் ஒன்றுதான். ஸ்கூட்டரை நிறுத்துவது கஷ்டம், இதை நிறுத்துவது சுலபம்.

ஓட்டை போட்ட மண்பானையோ பழைய பக்கெட்டோ போதும். அடியில் காய்ந்த இலையோ தேங்காய் நார்க்கழிவோ போடுங்கள். மேலே அன்றைய தோல், காம்பு, காபித்தூள் சக்கை. அதன்மேல் மறுபடி ஒரு பிடி காய்ந்த இலை. வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோர் கொஞ்சம் தெளித்துக் கிளறிவிட்டால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த இலையைக் கூட்டினால் சரியாகிவிடும். இரண்டு, மூன்று மாதத்தில் மாடித் தோட்டத்துக்கு உரம் தயார். இடமில்லாதவர்கள் மக்கும் குப்பையை மட்டும் தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தாலே அது உரக்கூடத்துக்குப் போக வழி பிறக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தால் அந்த வழியும் அடைபடும்.

குப்பையைத் தெருமுனையில் எரித்துவிட்டால் மீத்தேன் வராதே?

வேண்டாம். பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, எரித்தால் அந்தக் கரியெல்லாம் வாயுவாகப் போகும். கூடவே டையாக்சின் போன்ற நச்சுகளும் வரும். போகிக்கும் இதுவேதான்: டயரையும் பழைய நாற்காலியையும் எரிக்காதீர்கள்.

சாப்பாட்டில் எது அதிகம்?

ஆடு, மாடு இரண்டும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றில் மீத்தேன் உண்டாகிறது. ஆகவே கறியிலும் பாலிலும் அது சேர்ந்தே வருகிறது. கோழியும் முட்டையும் குறைவு, பருப்பும் சிறுதானியமும் அதனினும் குறைவு. நெல்லும் மீத்தேனுக்கு ஒரு காரணம். டெல்டாவில் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று போவதில்லை, கிடங்கில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் காயவிட்டுப் பாய்ச்சுவதால் இது குறைகிறது. யூரியா போட்ட வயலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது.

சோறு சாப்பிடாதே என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வடித்த சோற்றைக் கொட்டுவது வேறு விஷயம். வயலில் வந்த மீத்தேன், உரம், ஆலை, லாரி, அடுப்பு எல்லாம் அந்தச் சோற்றில் சேர்ந்திருக்கிறது. கொட்டிய பிறகு கிடங்கில் இன்னொருமுறை மீத்தேன். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கிறது?

தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சென்னைக்காக நெம்மேலி ஆலைகளில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவைப்படும் தொழில் இது. அப்புறம் மாடித் தொட்டிக்கு ஏற்ற மோட்டார். தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீரோடு சேர்ந்து மின்சாரமும் வழிகிறது. ஒரு தானியங்கி சென்சார் போட்டுவிடுங்கள்.

ஸ்கூட்டர், கார், பஸ்: வித்தியாசம் எவ்வளவு?

கிலோமீட்டருக்கு பெட்ரோல் ஸ்கூட்டர் சுமார் 50 கிராம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் சுமார் 150 கிராம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஏறினாலும் 20 முதல் 25 கிராம்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கு நேர்மாறு இது. பெட்ரோல் எஞ்சின் அவ்வளவு வெப்பத்தை வீணடிக்கிறது. நாற்பது பேர் ஏறிய டவுன் பஸ்ஸில் ஆளுக்கு 15 கிராம் அளவில் வரும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் இந்தக் கணக்கையும் இறக்குகிறார்கள்.

மாடியில் சோலார் போட்டால் எவ்வளவு குறையும்?

ஒரு கிலோவாட்டுக்குத் தினம் சராசரி 4 யூனிட். வருடத்துக்கு சுமார் 1,400 யூனிட், ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு. நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. சொந்த மாடி உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய ஒற்றை மாற்றம் கிடையாது.

நாங்கள் ஒரு ஃபேன், இரண்டு லைட்டோடு வாழ்கிறோம். நாங்களும் குறைக்க வேண்டுமா?

இல்லை. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்கு சராசரியாகச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்காவில் சுமார் 14 டன். நம் நாட்டுக்குள்ளேயும் அறைக்கு அறை ஏ.சி. உள்ள வீடும், ஒற்றை ஃபேன் உள்ள வீடும் ஒன்றல்ல. வெயில் தாங்காத குடும்பத்துக்கு இன்னொரு ஃபேன் தேவை என்றால் வாங்கத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள ஆலோசனைகள் பில்லைப் பார்த்துக் கவலைப்படும் அளவுக்குச் செலவழிப்பவர்களுக்கு.

வாடகை வீட்டில் இருக்கிறோம். சோலாரும் மாடிப் பெயின்டும் எங்கள் கையில் இல்லையே?

ஃபேன் உங்களுடையது, வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். மக்கும் பானையும் அப்படியே. ஜன்னல் தட்டிக்கு இரண்டு கொக்கி போதும். ஏ.சி. உங்களுடையது என்றால் கழற்றும்போது பம்ப் டவுன். வீட்டுக்காரருடையது என்றால் வருடா வருடம் கேஸ் போடும் செலவையும் கசிவை ஒரேயடியாக அடைக்கும் செலவையும் அவர் முன்னால் எழுதி வையுங்கள். மாடிக்கு வெள்ளையடிக்கும் பேச்சை மார்ச்சிலேயே எடுங்கள். ஏப்ரலில் ஆள் கிடைப்பது கஷ்டம்.